புல் காய்ந்தால் கோச் பொறுப்பு

எங்கள் ஊர் ஃபுட்பால் கிளப்பை ஒரு ரிசார்ட் முதலாளி வாங்கி நான்கு மாதம் ஆகிறது. இதுவரை ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லை.

இன்று மாலை பிராக்டிஸ் பார்க்கப் போனேன். முதலாளி காரை விட்டு இறங்கிய வேகத்தில், பிளேயர்கள் முன்னாலேயே கோச் சேகரைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சேகர், கிரவுண்டை இப்படி காய விட்டுட்டீங்க? பெங்களூர்ல இருந்து வரவழைச்ச புல்லுங்க அது!"

"தினம் ரெண்டு வேளை தண்ணி விடுறோம் சார்."

"அப்புறம் ஏன் காயுது? பசங்க வழுக்கி வழுக்கி விழறாங்க. ஞாயித்துக்கிழமையும் தோத்தா வேற கோச்சைப் பாத்துக்குவேன்."

கோச் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிற மனிதர், வேறென்ன செய்வார்?

உப்பளத்தில் வேலை முடித்து அந்த வழியாக வந்த கஸ்தூரி அக்காவுக்கு அந்தப் பயமில்லை.

"ஏங்க, இங்க போர் போட்டது நீங்கதானே? பக்கத்துல நாங்க அதே தண்ணிய பாத்தியில விட்டுத்தான் உப்பு எடுக்குறோம். அதுல புல்லு எப்படிங்க வளரும்?"

முதலாளி குனிந்தார். புல்லின் அடியில் வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு கோச்சிடம் திரும்பினார்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"போர் போடும்போதே சொன்னேன் சார். கோல் போடுற வேலைய மட்டும் பாருன்னீங்க."

ஞாயிற்றுக்கிழமைக் கெடு அப்படியேதான் இருக்கிறது. ஆகவே நண்பர்களே, எங்கள் கிளப்பில் கோச் வேலை காலியாகலாம். ஃபுட்பால் தெரியவேண்டியதில்லை. உப்புத் தண்ணீரில் புல் வளர்க்கத் தெரிந்தவர்கள் கமென்ட்டில் வரவும்.