நேற்றுப் பிடித்த தண்ணீர்

அவர் முதல்முறை எங்கள் தோட்டத்துக்கு வந்தபோது நாங்கள் அடித்த கூத்தை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வரும்.

அப்போது அவர் கோலசிலாங்கூர் டவுனில் தமிழ்ப் பத்திரிகை நிருபர். இருமிக்கொண்டே ஓடும் ஒரு மோட்டார் சைக்கிளில் செம்பனைத் தோட்டமெல்லாம் சுற்றுவார். எழுதியதையும் பிலிம் சுருளையும் கோலாலம்பூர் போகும் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புவார். டவுன் கோயில் திருவிழாச் செய்தி எழுதினால்கூட, மாலை வாங்கிய பெரிய மனிதர்களை விட்டுவிட்டு அண்டா கழுவிய பெண்களின் பெயரைப் போடுவார். அதில் என் பெயரும் ஒருமுறை வந்தது. அன்றிலிருந்து நான் அவர் கட்சி.

நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக் குழாயில் எங்களுக்கு வந்தது வாய்க்கால் தண்ணீர். செம்மண் நிறத்தில் இருக்கும். படிகாரம் போட்டுத் தெளியவைத்துத்தான் குடிப்போம். என் சின்ன மகள் வயிற்றுப்போக்கில் கிளினிக்கே கதியாகக் கிடந்தாள். அதை எழுதச் சொல்லித்தான் அவரைக் கூப்பிட்டோம்.

கூப்பிட்டுவிட்டு என்ன செய்தோம் தெரியுமா? விருந்தாளி வருகிறார் என்று சாக்கடையைக் கழுவினோம், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம், லோரியில் டவுனுக்குப் போய் டிரம் டிரம்மாக நல்ல தண்ணீர் கொண்டுவந்து வீடு வீடாக நிரப்பினோம். வந்தவருக்குக் கலங்கல் தண்ணீரையா கொடுப்பது! அவர் கேமராவும் கையுமாக லயம் முழுக்க நடந்தார். எல்லாம் பளிச்சென்று இருந்தது.

"என்னாங்க இது, நான் கல்யாணத்துக்கா வந்தேன்?" என்று தலையில் கைவைத்தார். பிறகு என்னிடம், "தங்கச்சி, நேத்துப் புடிச்ச தண்ணி இருக்கா?" என்று கேட்டார்.

"அதப் போயி ஒங்களுக்கு எப்படிண்ணே குடுக்கறது? வெக்கமா இருக்குலா," என்றேன். அந்த வாளியைக் காலையிலேயே கொட்டிவிட்டிருந்தேன்.

அடுத்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல், விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நாங்கள் கிளம்பும் நேரத்தில் வந்து கலங்கல் தண்ணீரைப் படம் பிடித்தார். பத்திரிகையில் வந்தது. நல்ல தண்ணீர் வரவில்லை. அவரை உள்ளே விடக்கூடாது என்று கேட்டில் நிற்கும் காவலாளிக்கு உத்தரவுதான் வந்தது.

"எழுதி எழுதிக் கை வலிக்குது. கேட்டை அவங்களே தொறந்து விடுற ஆளா மாறிட்டு வர்றேன்," என்றார். சும்மா சொல்கிறார் என்று நினைத்தோம். தேர்தலில் நின்றார், அதே மோட்டார் சைக்கிளில் ஓட்டுக் கேட்டார், சட்டமன்றத்துக்கு ஜெயித்தும்விட்டார்.

மாண்புமிகு வைபி ஆனபின் வருகிறார் என்றதும் இந்தமுறை நிர்வாகமே சுண்ணாம்பு அடித்தது. லோரித் தண்ணீரும் வந்தது. யாரும் வாய் திறக்கக்கூடாது என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர் வீடு வீடாக மிரட்டிவிட்டுப் போனார். நான் முதல்நாள் வாளியை மட்டும் கொட்டாமல் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். கேட்டால் கொடுப்பேன். கேட்காவிட்டால் இவரும் அவ்வளவுதான். அதற்குமேல் யாரையும் நம்ப எனக்குத் தெம்பில்லை.

பெரிய மனிதர்கள் போடும் பூப்போட்ட பாத்தேக் சட்டையில் வந்தார். மாலைக்குமேல் மாலை விழுந்தது. தோட்ட மேனேஜர் துரை நீட்டிய சர்பத்தைக் குடித்தார். சிரித்துப் பேசிக்கொண்டே என் வீட்டைத் தாண்டிப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாலடி போனவர் திரும்பி வந்தார்.

"தங்கச்சி, நேத்துப் புடிச்ச தண்ணி இருக்கா?"

மண்டோர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். நான் கண்டுகொள்ளவே இல்லை. செம்பு நிறைய மொண்டு கொடுத்தேன். முகம் சுளிக்காமல் பாதியைக் குடித்துவிட்டு, மீதியைத் துரையிடம் நீட்டினார். துரையின் கை அசையவில்லை. கூட வந்த பத்திரிகைக்காரர் இன்னும் மாலைகளைத்தான் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, மாலைய விடு. இத எடு," என்றார் அவர், நீட்டிய செம்பைக் கீழே இறக்காமலே.

அடுத்த தீபாவளிக்கு முறுக்கு மாவைக் குழாயில் வந்த டவுன் தண்ணீரில் பிசைந்தேன். படிகாரக் கட்டியை என் மகள்தான் தூக்கி வாய்க்காலில் எறிந்தாள்.