அண்ணியின் வெள்ளிப் பல்

விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், மரக்காணம் உப்பளத்தின் வரப்பில் அண்ணி குந்தியிருந்தார். பாத்தியில் முற்றிய உப்புத் தண்ணீரைக் கையால் அள்ளி வாயில் வைத்துக்கொண்டு, இரண்டு கன்னமும் புடைக்க, கண்ணை மூடியிருந்தார். பாத்திகளில் எல்லாம் வானம் இறங்கிக் கிடந்தது. எது தண்ணீர், எது மேகம் என்றே தெரியவில்லை. "இன்னா அண்ணி, இங்க பண்றீங்க?" என்றேன். பதில் இல்லை. என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்து, நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாண்டிச்சேரி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டேன். நாத்தனார் என்றால் அந்த அளவாவது இருக்க வேண்டாமா?

அண்ணி அப்போது மாசமாக இருந்தார். அதற்கு முன் வந்த ஒன்று தங்கவில்லை. அதனால் இந்த முறை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சந்தோஷப்படக்கூடப் பயந்தோம். அண்ணன் பஜாரிலிருந்து மாதுளம்பழம் வாங்கி வந்தால், யாருக்கென்று சொல்லாமல் அலமாரியில் வைத்துவிட்டுப் போவார்.

அந்த நேரம் பார்த்து அண்ணியின் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. சொத்தைப் பல்லை அடைக்கிற வெள்ளி நிறக் கலவையில் பாதரசம் இருக்கிறது, அது ஆவியாகி உடம்பெல்லாம் பரவும், வயிற்றுப் பிள்ளையையும் விடாது என்று கோட்டுப் போட்ட ஒருவர் அடித்துச் சொன்னார். அண்ணியின் கடைவாய்ப் பல்லில் அப்படி ஒன்று இருந்தது. முதல் கரு கலைவதற்குக் கொஞ்சம் முன்னால் அடைத்தது. எங்களிடம் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து உப்போடு இருப்பவர், தனக்குத் தெரிந்த வைத்தியத்தில் இறங்கிவிட்டார். மீனின் ஈரத்தை இழுத்துக் கருவாடாக்குகிற உப்பு, உப்பு வாருகிறவர்களின் பாதத்தை வறள வைத்து வெடிக்கச் செய்கிற உப்பு, பல்லிலிருந்து பாதரசத்தை மட்டும் இழுக்காதா என்ன?

வாய் வெந்துபோனது. உள்கன்னமெல்லாம் புண். சோறு இறங்கவில்லை. புண்ணைக் கண்ணாடியில் பார்த்தவர், விஷம் வெளியே வருகிறது என்று முடிவு கட்டி, இன்னும் அதிக நேரம் தண்ணீரை வாயில் வைத்திருந்தார். முகம் சுண்டிப்போன பிறகுதான் ஏதோ சரியில்லை என்று எனக்கு உறைத்தது. பாண்டிச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போய் ஒரு பல் டாக்டரம்மா முன்னால் உட்கார வைத்தேன்.

"இத எடுத்துடுங்க டாக்டர். பல்லே போனாலும் பரவால்ல," என்றார் அண்ணி.

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். "அடைச்சது கெட்டியா இருக்குது. புண்ணுக்கு அது காரணம் இல்ல. எத வெச்சு வாய் கொப்பளிக்கிறீங்க?"

அண்ணி என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில் சொல்லிவிட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்கு இன்றும் பிடிக்கும்.

"மொதல்ல அத நிறுத்துங்க. பாதரசம் இருக்குறது நெசம்தாம்மா. துளியூண்டு ஆவியும் வரும். ஆனா அதனால பெரும்பாலானவங்களுக்குக் கெடுதல் வந்ததா ஆதாரம் இல்ல. மாசமா இருக்குறவங்களுக்குப் புதுசா வெக்க மாட்டோம், அது ஒரு முன்ஜாக்கிரத. அதே மாதிரி நல்லா இருக்குறத இப்ப தோண்டவும் மாட்டோம். தோண்டுனாதான் ஆவி ஜாஸ்தியா வரும்."

"அப்போ, மொத புள்ள போனதுக்கு?"

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "இதுதான் காரணம்னு சொல்ல எதுவுமே இல்லம்மா. நெறைய புள்ளைங்க ஏன் தங்கலேன்னு எங்களுக்கே தெரியறதில்ல. உங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பல்லைக் காட்ட வந்த இடத்தில், அந்தப் பிள்ளைக்காக அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

மழை வந்து பாத்திகளெல்லாம் ஒரே தண்ணீராகின. புண் ஆறியது, வயிறு வளர்ந்தது. தையில் பெண் பிறந்தாள். நல்ல எடை, ஊரைக் கூட்டுகிற குரல். ஆனால் பால் கொடுக்கும்போது அண்ணி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். நாங்கள் முத்தம் கொடுத்தே குழந்தையைச் சிவக்க வைத்தோம். பெற்றவர் மட்டும் கொடுக்கவில்லை. தன் மூச்சுக்கூட அதன் மேல் படாமல் பார்த்துக்கொண்டார். டாக்டரம்மா சொன்னதை நம்பினார்தான். ஆனாலும் பயம் போகவில்லை.

உப்பளம் மறுபடி வெளுத்திருந்த ஒரு மத்தியானம். மடியில் கிடந்த குழந்தை திடீரென்று கையை நீட்டி அண்ணியின் வாய்க்குள் விட்டது. குட்டி விரல்கள் உதட்டை இழுத்தன, பல்லைத் தடவின. பிறகு அதே விரல்களைத் தன் வாயில் வைத்துச் சப்பியது. அண்ணி பதறிப்போனார்.

"ஒண்ணும் ஆவாது அண்ணி," என்றேன்.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே வெயில் அலையலையாக மிதந்தது. குழந்தை கொட்டாவி விட்டது, தூங்கியது, எழுந்து எங்களைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தது. அண்ணி மெல்லக் குனிந்தார். நெற்றியில் ஒன்று. அப்புறம் கன்னத்தில். அதற்குமேல் பார்க்காமல் நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

அந்தப் பல் இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது. காலையில் பள்ளிக்கூட வேன் வந்து நிற்கும்போது, மகளின் முகத்தை அண்ணி இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார். "போதும்மா, எல்லாரும் பாக்குறாங்க," என்று அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு ஓடுகிறாள்.