மாவுக்கட்டோடு போட்ட காப்பி

நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையை நினைத்தால் எனக்கு முகம் ஞாபகத்துக்கு வருவதில்லை. காப்பியின் மேல் படர்ந்த ஆடையை ஆள்காட்டி விரலால் வழித்து எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் தேய்த்தாரே, அதுதான் வருகிறது. வருஷம் முப்பது ஓடிவிட்டது. இன்னும் குமட்டுகிறது.

தொண்ணூறுகளின் நடுவில், சீவலப்பேரி போகும் டவுன் பஸ்ஸிலிருந்து பள்ளிக்கூடத்து நிறுத்தத்தில் இறங்கும்போது படி வழுக்கி விழுந்தேன். முழங்காலில் சவ்வு கிழிந்துவிட்டது. தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது, ஊன்றினால் ஆயுசுக்கும் மடங்காது என்று பாளையங்கோட்டை டாக்டர் கண்டித்துச் சொன்னார். முதல் மூன்று வாரத்துக்கு விடுப்பு கிடைத்தது. மீதி மூன்று வாரம் தலைமையாசிரியையின் கையெழுத்தில் இருந்தது.

கால் போனவளை நம் ஊரில் படுக்க விடுவார்களா? விசாரிக்க வருகிறார்களே! ஆளுக்கு நாலு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்து, தங்கள் சித்தப்பாவுக்குக் கால் முறிந்த கதையைச் சொல்லிவிட்டு, எந்திக்காத, பைய இரு என்பார்கள். சொல்லிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் அடுக்களைக்குப் போவேன். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பினால் குடும்ப மானம் போய்விடுமாம். என் வீட்டுக்காரருக்கோ பால் எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

விடுப்பு முடிகிற வாரம் தலைமையாசிரியை வந்த அன்று என் வீட்டுக்காரர் கட்டிலருகே குனிந்து குசுகுசுத்தார்.

"ஏட்டி, பெரிய டீச்சர் வந்திருக்காவ. நல்ல காப்பியாப் போடு. லீவு அவிய கையிலதான இருக்கு."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. கொதிக்கிற காப்பியை டவராவோடு இரண்டு கையாலும் பிடித்தால் சுவரை எதனால் பிடிப்பது? காலை ஊன்றித்தான் கொண்டுவந்தேன். உயிர் போய் வந்தது. தலைமையாசிரியை ஆடையை வழித்துத் தேய்த்துவிட்டு, காப்பி பிரமாதம், இன்னும் இரண்டு மடக்கு கிடைக்குமா என்று கேட்டார். மறுபடியும் போனேன்.

நாலாம் நாள் கடிதம் வந்தது. நேரில் சென்று பார்த்ததாகவும், நான் வீட்டில் நன்றாக நடமாடுவதாகவும், இருமுறை நானே காப்பி தயாரித்து எடுத்து வந்து கொடுத்ததாகவும், ஆகவே விடுப்பை நீட்டிக்கத் தேவையில்லை என்றும் எழுதியிருந்தார். குடித்த வாய் உலரும் முன்பே எழுதியிருப்பார். அதை வாசித்துவிட்டு என் வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஊனக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லா? ஒன்னய யாரு எந்திக்கச் சொன்னா?"

தூ என்று வந்தது. துப்பவில்லை, விழுங்கிக்கொண்டேன். மறுநாள் மாவுக்கட்டோடு பள்ளிக்கூடம் போனேன். அந்தக் கால் அதன்பின் மடங்கவே இல்லை. பஸ்ஸில் நீட்டி வைத்த காலை மிதித்துவிட்டு, மடக்கி வைக்கக்கூடாதா என்று கேட்காத ஆள் இல்லை.

போன வாரம் மற்ற முழங்காலும் வீங்கிவிட்டது. கேள்விப்பட்டு எதிர்வீட்டுக்காரி விசாரிக்க வந்தாள். அவள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், "உக்காரு, காப்பி போடுதேன்" என்று சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டேன். சீ.