ஐயாதுரை சொல்லும் தூரம்

ராஜபாளையம் வேன் ஸ்டாண்டுக்கு வந்து, "திருச்செந்தூர் எம்புட்டு தூரம்ணே?" என்று கேட்டால் ஐயாதுரை உடனே சொல்ல மாட்டான். "வண்டியில யாரு யாரு ஏறுதாக, அதச் சொல்லுங்க மொதல்ல" என்பான். சர்க்கரைக்காரருக்கு ஒரு கணக்கு, கைக்குழந்தைக்கு ஒரு கணக்கு, வளைவைக் கண்டாலே வாந்தி எடுக்கும் சின்னம்மாவுக்கு ஒரு கணக்கு. எல்லாவற்றையும் கூட்டித்தான் கிளம்பும் நேரம் சொல்வான். அதே ஸ்டாண்டில் வண்டி ஓட்டும் எனக்கு அது பிடிக்கும். போனுக்குள் இருந்து வழி சொல்லும் அந்தப் பொம்பளைக்குச் சின்னம்மாவைப் பற்றி என்ன தெரியும்?

போன ஆவணியில் அவனுக்குக் கிட்னி இரண்டும் கைவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் டயாலிசிஸ். வேன் வீட்டு வாசலில் சும்மா நின்றது. விற்றுவிடு என்று சொன்னதற்கு என் மேல் பாய்ந்தான்.

மகள் இந்து பெங்களூரில் தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். அவளிடம் வெறும் சர்க்கரை என்றுதான் சொல்லியிருந்தார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி, பயந்துவிடுவாளாம். வளைகாப்பு முடிந்ததும் பெற்ற தகப்பன் வந்து அழைத்தால்தான் அந்த வீட்டில் மருமகளை அனுப்புவார்கள்.

ஐயாதுரை போனும் கையுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டான். டயாலிசிஸ் முடித்த கையோடு கிளம்பினால் மதுரை, திண்டுக்கல், சேலம், விடிந்தால் பெங்களூர். ஐநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். வளையல் போட்டதும் கூட்டிக்கொண்டு திரும்பினால் அடுத்த டயாலிசிஸுக்கு வந்துவிடலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அந்த வண்டியில் ஒரு நோயாளி ஏறுகிறான் என்பதை மட்டும் அவன் சேர்க்கவில்லை.

"நான் ஓட்டுதேன், நீ சும்மா உக்காந்து வாலே" என்றேன்.

"எம் பிள்ளைய நாந்தாம்ல ஓட்டிக் கூட்டியாருவேன்."

"அப்ப இன்னைக்கு ஆஸ்பத்திரியிலருந்து வீடு வரைக்கும் ஓட்டு, பாப்போம்."

ஓட்டினான். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம்கூடத் தாண்டவில்லை. வண்டியை ஓரங்கட்டி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தான். சட்டை நனைந்திருந்தது. "கண்ணு இருட்டுது மாப்ள." பக்கத்து சீட்டுக்கு மாறி உட்கார்ந்த பிறகும், வீடு சேர்வதற்குள் இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னான். பன்னிரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது அந்த ரோடு.

சாயங்காலம் இந்து கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் கேட்டது. "எப்பப்பா வாரீக? ஒரு ராத்திரி ஓட்டம்தான உங்களுக்கு?"

"வண்டியில யாரு ஏறுதாகன்னு பாக்கணும்லம்மா."

"நீங்களும் அம்மாவும்தானப்பா!" என்று சிரித்தாள்.

அவனும் சிரித்தான். பிறகு, "வழியெல்லாம் ரோட்டு வேலை நடக்குதாம். பிரசவத்த அங்கனயே பாத்துக்கோ" என்றான். அவள் போனை வைத்துவிட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. எந்த ரோட்டையும் ஒரு நாளும் குறை சொல்லாதவன் அவன்.

அவன் மனைவி அழகுத்தாய் மட்டும் பஸ் ஏறினாள். பேத்தி பிறந்தது. தகப்பன் வரவில்லை என்று சம்பந்தக்காரர்கள் பேசிய பேச்சு இந்துவைச் சுட்டிருக்கிறது. இப்போதும் அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாள். உண்மையைச் சொல்லிவிடு என்றால் ஐயாதுரை கேட்பதில்லை. பால் கொடுக்கிற பிள்ளையாம், அழுவாளாம்.

ஒருநாள் விட்டு ஒருநாள் அவன் வேனை நான்தான் ஓட்டுகிறேன். திரும்பும்போது கண்ணை மூடியபடியே, "வீட்டுக்கு இன்னும் எம்புட்டு தூரம் மாப்ள?" என்று கேட்கிறான்.

நான் கிலோமீட்டரில் சொல்கிறேன். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.