என் தங்கையின் பகல் தூக்கம்

அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பெட்டி அடைக்கும் அறைக்கு நான் சூப்பர்வைசராக இருந்தேன். என் தங்கையை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது.

சேர்ந்த முதல் வாரமே தூங்கினாள். பாதி அடைத்த பெட்டி மடியில் இருக்கும், தலை சாய்ந்திருக்கும். தட்டினால் திடுக்கிட்டு எழுந்து வேலையைத் தொடர்வாள். வீட்டில் ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறவள். இதற்கு மேலும் என்ன தூக்கம் என்று எனக்கு எரிச்சல் வரும். சத்துக் குறைவு என்று ஒரு டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். அதைக் குடித்தும் ஒன்றும் மாறவில்லை.

தீபாவளி சீசனில் ஒரு மத்தியானம், ஒருத்தி தன் மாமியார் மாதிரிப் பேசிக் காட்டினாள். அறையே சிரித்தது. தங்கையும் சிரித்தாள். சிரித்தபடியே முட்டி மடங்கி, தூக்கி வந்த பெட்டிகளோடு சரிந்தாள். கண் திறந்துதான் இருந்தது. லோடு கிளம்ப வேண்டிய நாள் அது.

“என்னடி நடிக்கிற? சோம்பேறி! நாளையிலருந்து வேலைக்கு வராத” என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

“இல்லக்கா, நெசமாவே முட்டில பெலம் இல்ல” என்றாள்.

நான் காதில் வாங்கவில்லை.

அதன்பின் அவள் வீட்டோடு இருந்துவிட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் ஊரில் விசாரித்தபோது, சோம்பேறி என்று நான் சொன்ன அந்தச் சொல்தான் அவர்களுக்கும் கிடைத்தது. இப்படியே எட்டு வருஷம்.

போன வருஷம் என் கணவரின் குறட்டைக்காக மதுரையில் ஒரு டாக்டரிடம் போனோம். துணைக்கு வந்த தங்கை, டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியில் தூங்கிப்போனாள். வெட்கத்தில் அவளை உலுக்கினேன். டாக்டர் அவளையே கவனித்துக்கொண்டிருந்தார். விழித்ததும் கேட்டார்: “வாய்விட்டுச் சிரிச்சா முட்டி மடங்குமா ஒங்களுக்கு?”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

அவளை இரவும் பகலும் தூங்கவைத்துச் சோதித்தார்கள். முடிவு வந்ததும் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

“தூக்கம் வராம தவிக்கிறது ஒரு வகை. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றது இன்னொண்ணு, ஒங்க வீட்டுக்காரருக்கு அதான். தூங்குற நேரமே மாறிப்போறது, தூக்கத்துல எந்திரிச்சு நடக்குறது, கால் குடைச்சல்ல தூங்க முடியாம போறது, இதெல்லாம் தனித்தனி. ஒங்க தங்கச்சிக்கு மூளையே பகல்ல தூக்கத்துக்குள்ள தள்ளிவிடுது. சிரிச்சா முட்டி மடங்குறதும் அதோட சேந்ததுதான். வெளிய பாத்தா எல்லாம் ஒரே தூக்கக் கலக்கம்தான். வகை பிரிச்சாத்தான் சரியான வைத்தியம். சோம்பேறின்னு ஒரு வகை இதுல இல்லம்மா.”

திரும்பும் பஸ்ஸில் அவள் கையைப் பிடித்து, “மன்னிச்சிருடி” என்றேன்.

“நீ மட்டுமாக்கா? நானும் அப்படித்தான் நெனச்சேன். நமக்கு ஒடம்பு வளையலபோலன்னு.”

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள். மத்தியானம் கொஞ்ச நேரம் கட்டாயம் தூங்குகிறாள். வீட்டிலேயே தையல் தைக்கிறாள். வெடி இருக்கும் இடத்தில் அவள் வேலை செய்யக்கூடாது என்று டாக்டரும் சொன்னார். அப்படிப் பார்த்தால் நான் அவளை நிறுத்தியது சரிதான். ஆனால் அவளைக் காப்பாற்ற நினைத்து நான் நிறுத்தவில்லை. அந்த அறையில் இருந்தவர்கள் இப்போது வேறு வேறு கம்பெனிகளில் இருக்கிறார்கள். அன்று நான் சொன்னது தப்பு என்று ஒவ்வொருத்தியிடமும் போய் எப்படிச் சொல்வேன்?