குணமானதற்குச் சாட்சி

காரோடு என்ற கடற்கரை ஊரின் துணைச் சுகாதார நிலையத்து நர்ஸ் விமலகுமாரி அன்று காலை நோயாளிப் பட்டியலை மறுபடியும் புரட்டினாள். காச நோய்க்கு அவள் கையால் ஆறு மாதம் மருந்து விழுங்கிய ஒன்பது பேரும் தேறி, மறுபடியும் கடலுக்கே போகத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் கடைசிச் சளிப் பரிசோதனைக்கு ஒருவரும் வரவில்லை. அது இல்லாமல் அவர்கள் குணமானவர்கள் பட்டியலில் சேரமாட்டார்கள். யாருமே குணமாகாத ஊரில் மருந்து கொடுப்பானேன் என்று மேலிடம் கேட்டிருந்தது. இந்த மாதத்தோடு அதை நிறுத்திவிட்டால், இனி இருமுகிறவர்கள் நெய்யாற்றின்கரைக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

“ஆளு தடிச்சு நிக்குதுண்ணு எழுதி அனுப்ப முடியாது விமலா. சாட்சி வேணும்,” என்று டாக்டர் ஞானசம்பந்தம் கையை விரித்துவிட்டார்.

பதினோரு வருடமாக அதியன்னூரிலிருந்து வந்துபோகிறவள் அவள். கரைக்காரர்களின் வழக்கம் தெரியாதா? நோய் தீர்ந்ததும் கோயிலில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். அப்புறம் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே மாட்டார்கள். மிதித்தால் தீனம் கூடவே வீட்டுக்கு வந்துவிடுமாம்.

அவர்கள் வராவிட்டால் என்ன, அவள் போனாள்! ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் சளி பிடிக்கும் ஒன்பது டப்பாக்களோடு கோயில் முற்றத்தில் நின்றாள்.

தேறியவர்களில் ஒருவரான கில்பர்ட் பார்த்ததும் பின்வாங்கினார். “வேண்டாம் சிஸ்டரே! போன தீனத்த எதுக்கு விளிக்கணும்?”

“இது ஆஸ்பத்திரி இல்லியே அண்ணா, கோயிலாக்கும். நீங்க துப்பல்லேண்ணா இங்க மருந்து நிண்ணு போவும்.” அவள் ஒரு டப்பாவை நீட்டினாள்.

அவர் மனைவி பெர்த்தா டப்பாவைப் பிடுங்கினாள். “நாளைக்கு இன்னொருத்தி மாப்பிள ரெத்தச் சோர துப்புவான். பாத்துக்கிட்டு நிக்கீரா? இருமும் மனுசா!”

கில்பர்ட் இருமினார். காற்றுதான் வந்தது.

“வரல்லியே பிள்ளே!”

“ஆறு மாசம் முன்ன கூரை பறக்க இருமினீரே, இப்பம் என்ன கேடு?”

முற்றமே சிரித்தது. கில்பர்ட் கோயிலை மூன்று சுற்று ஓடினார்; கூடவே தேறிய மற்றவர்களும் ஓடினார்கள். மூச்சு வாங்க வாங்க எட்டு டப்பாக்கள் நிறைந்தன. ஒன்பதாவது ஆளான லிண்டோ கொல்லத்துக்குத் தொழிலுக்குப் போயிருந்தான். அவன் பெயருக்கு நேரே ‘பரிசோதிக்கவில்லை’ என்று உள்ளதை உள்ளபடியே எழுதினாள்.

புதன்கிழமை முடிவு வந்தது. மீன் ஏலம் நடந்துகொண்டிருந்த கரையில், செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தாள் விமலகுமாரி. கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர்.

“கில்பர்ட்டண்ணா! எட்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல! மருந்து இங்கயே உண்டுண்ணு மேலிடம் சொல்லியாச்சு!”

ஏலக்காரர் விலை சொல்வதை நிறுத்திவிட்டுக் கை தட்டினார்.