பக்கத்து விரல்கள்

மோட்டார் அறைக் கதவைத் திறந்து ஒரு நிமிடம் நின்றால் போதும், எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, எந்த பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று லிஃப்ட் மெக்கானிக் சொல்லிவிடுவார். கம்பெனியில் அவருக்கு 'காது' என்றே பெயர். புதிதாகச் சேர்ந்த எஞ்சினியர் ஒருவர், "அண்ணே, இதெல்லாம் உங்களுக்குப் பிறவியிலேயே வந்த திறமை" என்று மெச்சப்போய் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார்.

"பிறவியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. இருபத்திநாலு வருஷமா இந்தக் கூண்டுக்கு மேல காத வச்சுப் படுத்துக் கிடந்திருக்கேன். அத சொல்லுங்க."

பாராட்டியதற்கு மனிதர் ஏன் இப்படி எரிந்து விழுகிறார் என்று அந்த எஞ்சினியர் விழித்தார். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? அந்த ஒரு சொல்லோடு மெக்கானிக்குக்கு முப்பத்து மூன்று வருடப் பகை.

பதிமூன்று வயதில் அவர் பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசித்தார். அப்போது 'அவர்' எல்லாம் இல்லை, 'அவன்'தான். முதல் நாள் கிளாரினெட்டை வாயில் வைத்ததுமே சுத்தமான, உருண்டையான ஒரு சத்தம் வந்துவிட்டது. மற்ற பிள்ளைகள் கன்னம் வலிக்க வாரக்கணக்கில் ஊதியும் வெறும் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. பேண்டு மாஸ்டர் கைக்குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "இவன் பிறவிக் கலைஞன்டா!" என்றார். அன்றிலிருந்து அவன் பெயர் 'பிறவி'. அந்தப் பெயர் கிடைத்த கையோடு, கிளாரினெட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பழகுவதை அவன் நிறுத்திவிட்டான். பழகுவதெல்லாம் வராதவர்கள் பார்க்கிற வேலை அல்லவா?

அந்த பேண்டில் ஒரு வழக்கம் இருந்தது. அணிவகுப்பில் வரிசைக்கு மூன்று பேர் நடக்க வேண்டும். ஆள் குறைந்தால் பல் போன வாய் மாதிரி இருக்கும் என்று மாஸ்டருக்குக் கவலை. அதனால் ஊத வராத பிள்ளைகளுக்கும் சீருடை மாட்டி, கையில் ஒரு வாத்தியத்தைக் கொடுத்து நடுவில் நிறுத்திவிடுவார். "விரல மட்டும் ஆட்டு. காத்து விட்ட, தொலைச்சிடுவேன்" என்பதுதான் அவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த மொத்த சங்கீதம்.

'பிறவி'யின் பக்கத்தில் அப்படிக் கையில் கிளாரினெட்டோடு நின்றவள், அவன் வகுப்பில் படித்த ஒல்லியான ஒரு பெண். சேர்ந்த முதல் வாரத்தில் அவளிடமிருந்து இரண்டு கீச்சல் வந்தது. இரண்டே இரண்டு. "உனக்கு வராதும்மா" என்று மாஸ்டர் முடிவு கட்டிவிட்டார். பிள்ளைகள் அவளுக்கு 'சைலன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

விரலை மட்டும் ஆட்டு என்றதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஜியாமெட்ரி பெட்டியின் மேல், பஸ் கம்பியில், சாப்பாட்டு டப்பா மூடியில் என்று எந்நேரமும் அவள் விரல்கள் ஏதோ ஒரு பாட்டை ஆடிக்கொண்டிருந்தன. ஒரு பாட்டிலும் ஒரு விரல் தப்பாது. 'பிறவி'க்கோ புதுப் பாட்டு வந்தால் பாதி வழியில் மறந்துபோகும். அப்போது ஓரக்கண்ணால் பக்கத்து விரல்களைப் பார்ப்பான். அவை எந்தத் துளையை மூடினவோ அதையே இவனும் மூடுவான். காற்று இவனுடையது, பாட்டு அவளுடையது. கைதட்டல் மட்டும் முழுசாக இவன் பக்கம் வந்து சேர்ந்தது. இது மாஸ்டருக்குத் தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை, அவள் கண் எப்போதும் நேராகவே இருக்கும்.

பள்ளிகளுக்கு இடையிலான போட்டி வந்தது. கிளாரினெட்டின் வாயில் ரீடு என்று ஒரு மெல்லிய நாணல் பட்டை இருக்கும். அதன் நுனி அதிர்ந்துதான் சத்தம் வருகிறது. அவனுடைய ரீடு நுனியில் பிளந்து சிம்பு விட்டிருந்தது. "மாத்திடுடா" என்று மாஸ்டர் முந்தின நாளே சொல்லியிருந்தார். நமக்கு எந்த ரீடாக இருந்தால் என்ன என்று அவன் இருந்துவிட்டான். மேடையில் முரசுகள் எல்லாம் அடங்கி, கிளாரினெட்டுகள் மட்டும் மெல்ல வாசிக்கிற இடத்தில், காதில் ஊசி இறக்கினதுபோல ஒரு கீச்சல் கிளம்பியது. அரங்கமே சிரித்தது. ரீடின் சிம்பு அவன் நாக்கில் குத்தியது.

மேடைக்குப் பின்னால் மாஸ்டர் நேராக அவளிடம்தான் போனார்.

"காத்து விட்டது நீதானே?"

"நான் ஊதவே இல்ல சார்."

"பின்ன யாரு? பிறவியா அப்படி ஊதுவான்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். கோபப் பார்வை இல்லை. 'சொல்லேன்' என்று காத்திருக்கிற பார்வை. அவன் குனிந்து, அவிழாத ஷூ லேஸை அவிழ்த்து, மறுபடி கட்டினான். அவன் கட்டி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. மறுநாள் அவள் சீருடையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த வருடப் பாட்டுகள் கடினமானவை. ஓரக்கண்ணால் பார்க்கப் பக்கத்தில் விரல்கள் இல்லை. திக்கித் திணறி, பிறகு பொய்யாக வயிற்றுவலி சொல்லி, கடைசியில் பேண்டை விட்டே நின்றுவிட்டான். தலைக்கனம் என்றார் மாஸ்டர். தலையில் ஒன்றுமே இல்லை என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வேலை. லிஃப்ட் கதவு சரியாக மூடாமல் அடம்பிடித்தது. கீழ்த்தளத்தில் கதவின் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். எதிரே மருந்துக் கவுண்ட்டர். அங்கே வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் அம்மாள், பிரிண்டரிலிருந்து சீட்டு வருவதற்காகக் காத்து நின்றார். அவர் விரல்கள் மேசை விளிம்பில் ஆடின. யார் வேண்டுமானாலும் மேசையில் தாளம் போடலாம். ஆனால் இது தாளம் இல்லை. இடது கை மேலே, வலது கை கீழே, கட்டைவிரல் அடியில், கிளாரினெட்டைப் பிடிக்கிற மாதிரியே. மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது. அந்தப் போட்டிப் பாட்டு அது. முகத்தைப் பிறகுதான் பார்த்தார்.

எழுந்து போகலாமா என்று அவர் தவித்துக்கொண்டிருந்தபோது பள்ளிப் பையோடு ஒரு சிறுமி ஓடிவந்து ஒரு தாளை நீட்டினாள்.

"அம்மா, பேண்டுல சேர இன்னைக்குத்தான் கடைசி நாள். கையெழுத்து போடும்மா."

"எத்தனை தடவடி சொல்றது? சங்கீதம்லாம் நம்ம ரத்தத்துலயே கிடையாது. என்னை மாதிரி நாலு பேரு முன்னாடி அவமானப்படணுமா நீ?"

மெக்கானிக்கால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கவுண்ட்டரில் போய் நின்றார். பள்ளியின் பெயரைச் சொன்னார். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கி உற்றுப் பார்த்தார்.

"அட, பிறவி! நீங்களா? பாப்பா, அம்மா சொல்லுவேன்ல, எங்க பேண்டுல ஒரு பிறவிக் கலைஞர்னு? இவருதான். இன்னும் வாசிக்கிறீங்களா?"

"இல்லைங்க. அடுத்த வருஷமே விட்டுட்டேன்."

"அடப்பாவமே, எவ்வளவு பெரிய திறமை! எல்லாம் என்னாலதான். அன்னைக்கு நான் மட்டும் ஊதாம இருந்திருந்தா பரிசு நமக்குத்தான்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்க ஊதலையே? ஊதலைன்னுதானே சொன்னீங்க?"

"அப்போ அப்படித்தான் சொன்னேன். வீட்டுக்குப் போய் யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். அத்தன பேரும் சொல்றாங்களே, பொய்யா இருக்குமா? பயத்துல என்னையறியாம ஊதியிருக்கேன். இப்போ நினைச்சாலும் அந்தக் கீச்சல் என் வாயில இருக்குது."

தான் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியத்தை அவள் மறந்திருப்பாள், அல்லது மன்னித்திருப்பாள் என்றுதான் இத்தனை வருடமும் அவர் நினைத்திருந்தார். அது அவளுக்குள் இப்படி நினைவாகவே முளைத்து நிற்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"அது நான்தாங்க" என்றார். "என் ரீடு உடைஞ்சிருந்துச்சு. மாஸ்டர் மாத்தச் சொல்லியும் நான் மாத்தல. அதுமட்டுமில்ல, பாட்டே எனக்கு ஒழுங்கா தெரியாது. உங்க விரலப் பார்த்துத்தான் எப்பவும் வாசிப்பேன்."

அந்த அம்மாள் ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு கலகலவென்று சிரித்துவிட்டார்.

"பொண்ணு முன்னாடி என்னை விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னு சொல்றீங்க. அப்பவும் நீங்க தங்கமான பையன்தான். உங்களுக்காவது, கீச்சலாவது! நீங்க பிறவிங்க."

"சத்தியமாங்க..."

"சரி சரி, விடுங்க. பழைய கதை." கவுண்ட்டரில் ஆள் வந்து நின்றது. அவர் அந்தத் தாளை நான்காக மடித்து மகளின் பைக்குள் செருகினார். மாத்திரை அட்டைகளை எடுக்கத் திரும்பினார்.

மெக்கானிக் மறுபடி லிஃப்ட் கதவுக்குப் போய் உட்கார்ந்தார். சிறுமி பின்னாலேயே வந்து நின்றாள்.

"அங்கிள், அம்மா நிஜமாவே ஊதலையா?"

"ஊதலம்மா."

"அப்போ எங்கம்மாவுக்கு மியூசிக் வருமா?"

அவர் கவுண்ட்டரைப் பார்த்தார். பிரிண்டர் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. மேசை விளிம்பில் விரல்களும்.

"எனக்குத் தெரியாது கண்ணு. உங்கம்மாவ ஊதிப் பழகவே விடலையே."

"யாரு விடல?"

"மாஸ்டரு" என்றார். சிறுமி இன்னும் காத்திருந்தாள். பெண்ணுக்கு அம்மாவின் அதே கண். குனிய அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

"அப்புறம், நான்."